ஓடி நின்ற பிறகு வரும் மூச்சிறுக்கம்: ஒரு தாயின் கேள்விக்கு விரிவான பதில்

கேள்வியின் சாரம் இது. 13 வயதுச் சிறுமி ஒருத்தி 800 மீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுத்துவருகிறாள். ஓடும்போது அவளுக்குப் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. ஓடி முடித்து நின்ற சில நிமிடங்களில் வறட்டு இருமல் தொடங்குகிறது, நெஞ்சு இறுகுகிறது, சில நாள் மூச்சு விடும்போது விசில் போன்ற சத்தமும் கேட்கிறது, பிறகு முக்கால் மணி நேரத்தில் எல்லாம் தானாகவே அடங்கிவிடுகிறது. மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தபோது நெஞ்சு சுத்தமாக இருந்தது. ஆனாலும் நீல நிற இன்ஹேலர் ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறார். பயிற்சியாளரோ உடம்பில் தெம்பு போதாது என்கிறார். வீட்டுப் பெரியவர்கள் ஓட்டமே வேண்டாம் என்கிறார்கள். இது ஆஸ்துமாதானா, இன்ஹேலர் பழக்கமாகிவிடாதா, ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டுமா என்று அவளுடைய தாய் கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஓட்டத்தை நிறுத்த வேண்டாம். நுரையீரல் செயல்திறனை அளக்கும் பரிசோதனைக் கூடத்தில் நீண்ட காலமாக வேலை செய்பவன் என்ற முறையில், இதே தொந்தரவோடு வந்து, விளையாட்டை விடாமலேயே நலமாக வளர்ந்த பிள்ளைகள் பலரை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் தொந்தரவு இன்னதென்று அளந்து உறுதிசெய்துகொள்வது அதற்கு முன் நடக்க வேண்டிய காரியம். ஓடினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லி வருபவர்களில் ஆஸ்துமா உள்ளவர்களும் இருக்கிறார்கள், இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அறிகுறிகளை மட்டும் கேட்டு மருந்து எழுதும்போது இரு பக்கமும் அடிக்கடி தவறு நேர்கிறது. வெறும் களைப்பு என்று ஒதுக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் சிரமப்படும் பிள்ளைகளும் உண்டு, தேவையே இல்லாத இன்ஹேலரைப் பையில் சுமந்து திரியும் பிள்ளைகளும் உண்டு.

நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு மிகவும் பயன்படுவது நீங்கள் குறித்திருக்கும் நேரம்தான். ஓடும்போது பெரிதாக ஒன்றுமில்லை, நின்ற பிறகு தொடங்குகிறது, முக்கால் மணியில் அடங்குகிறது என்ற இந்த வரிசை, உடற்பயிற்சியால் தூண்டப்படும் மூச்சுக்குழாய்ச் சுருக்கத்துக்கே உரியது. இந்தச் சுருக்கம் பொதுவாகப் பயிற்சி முடிந்து 5 முதல் 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, 30 முதல் 90 நிமிடத்துக்குள் மருந்தில்லாமலேயே விலகும். தெம்பில்லாமல் மூச்சு வாங்கும் பிள்ளைக்கு நேர்மாறாக நடக்கும்: ஓடும்போதுதான் கஷ்டம், நின்று இரண்டு மூன்று நிமிடம் ஓய்ந்தால் மூச்சு சீராகிவிடும். பயிற்சியாளரின் கருத்து இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது. மருத்துவர் பார்த்தபோது நெஞ்சு சுத்தமாக இருந்ததிலும் வியப்பில்லை. ஓய்வாக உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மூச்சுக்குழாய்கள் விரிந்து இயல்பாகத்தான் இருக்கும், அப்போது எத்தனை கவனமாகக் கேட்டாலும் ஒன்றும் கேட்காது.

ஓடினால் மூச்சுக்குழாய் ஏன் சுருங்க வேண்டும் என்ற கேள்வி மிகப் பழையது. ஓட்டத்தாலும் உடல் உழைப்பாலும் மூச்சுத்திணறல் வருவதை ஆஸ்துமாவின் அடையாளமாகக் கப்படோசியாவைச் சேர்ந்த அரிட்டேயஸ் என்ற கிரேக்க மருத்துவர் ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். தாமே ஆஸ்துமாவால் அவதிப்பட்ட ஆங்கில மருத்துவர் ஜான் ஃபிளாயர், 1698இல் எழுதிய நூலில், எல்லாப் பயிற்சிகளும் ஒரே அளவில் இழுப்பைக் கொண்டுவருவதில்லை என்று கவனித்துச் சொன்னார். காரணம் விளங்குவதற்கு 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு கண்ணாடியின் அருகே வாயைக் கொண்டுபோய் ஊதிப் பாருங்கள். கண்ணாடி மங்கி, அதன்மேல் மெல்லிய ஈரப்படலம் படியும். அந்த ஈரம் முழுவதும் நம் மூச்சுப் பாதையின் உட்சுவர் கொடுத்தது. வெளியிலிருந்து வரும் காற்று எத்தனை குளிர்ந்திருந்தாலும், எத்தனை வறண்டிருந்தாலும், நுரையீரலின் ஆழத்தை அடைவதற்குள் 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கு ஏறி, லிட்டருக்குச் சுமார் 44 மில்லிகிராம் நீராவியைச் சுமந்தாக வேண்டும். 0 டிகிரியில் இருக்கும் காற்று அதிகபட்சமாகச் சுமக்கக்கூடிய ஈரமே லிட்டருக்கு ஏறக்குறைய 5 மில்லிகிராம்தான் என்பதால், மீதி அத்தனையையும் உடல்தான் கொடுக்கிறது. ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை மூக்கு வழியாகச் சுவாசிக்கிறார். அந்த வேலையை மூக்கே செய்து முடித்துவிடுகிறது. கடுமையாக ஓடும்போது இந்த அளவு 100 லிட்டரைத் தாண்டும், உலகத்தரப் படகோட்டிகளிடம் 200 லிட்டரையும் எட்டும். அவ்வளவு காற்றுக்கு மூக்கு ஈடுகொடுக்க முடியாது. வாய் திறந்துகொள்கிறது, ஈரமாக்கும் சுமை மூச்சுக்குழாய்களின் தலையில் விழுகிறது. இத்தனைக்கும் முதல் பத்துக் கிளைப்பிரிவுகள் வரையிலான மூச்சுக்குழாய்களின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் நீர்ப்படலம் மொத்தத்தில் 1 மில்லிலிட்டர்கூட இராது. அந்தச் சொற்ப நீர் ஆவியாகும் வேகத்துக்கு உடல் அதை ஈடுசெய்ய முடியாமல் போகும்போது, மிச்சமிருக்கும் திரவத்தில் உப்பின் செறிவு ஏறுகிறது. அருகிலுள்ள மாஸ்ட் செல்கள் (ஒவ்வாமையில் பங்குபெறும் நோய்த்தடுப்புச் செல்கள்) அந்த உறுத்தலில் ஹிஸ்டமின், லூக்கோட்ரையின், புரோஸ்டாகிளாண்டின் ஆகிய வேதிப்பொருள்களைக் கக்குகின்றன. அவை மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையை இறுக்குகின்றன.

சிட்னியைச் சேர்ந்த ஆய்வாளர் சாண்ட்ரா ஆண்டர்சன் இந்த ஈர இழப்பு விளக்கத்தை விரிவாக நிலைநாட்டினார். அமெரிக்க மருத்துவர் மெக்ஃபேடன், குளிர்ந்துபோன மூச்சுக்குழாய்ச் சுவர் பயிற்சி நின்றதும் திடீரென்று சூடேறும்போது அங்கே இரத்தம் பெருகிச் சுவர் வீங்குவதே காரணம் என்று வாதிட்டார். கொதிக்கும் கோடையிலும் வறண்ட காற்றில் இழுப்பு வருகிறது என்பதால் ஈர இழப்பையே முதன்மைக் காரணமாக நான் எடுத்துக்கொள்கிறேன். குளிர் அதைக் கூடுதலாக்குகிறது. எந்த விளக்கத்தை ஏற்றாலும், இங்கே குற்றவாளி உழைப்பு அல்ல, அந்த உழைப்புக்காக உள்ளே இழுக்கப்படும் வறண்ட காற்றின் அளவுதான் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஓடும் வேளையில் சுரக்கும் ஹார்மோன்களும் ஆழமாக மூச்சு இழுப்பதும் குழாய்களை விரித்தே வைத்திருப்பதால், உங்கள் மகளுக்குத் தொந்தரவு நின்ற பிறகு தலைகாட்டுகிறது.

இதிலிருந்து பல விஷயங்கள் தாமாகவே விளங்கிவிடும். இடைவிடாமல் ஐந்து முதல் எட்டு நிமிடம் மூச்சுவாங்க வைக்கும் ஓட்டம், நீண்ட நேரம் ஓடவேண்டிய கால்பந்து, பனிச்சறுக்கு ஆகியவை அதிகம் தூண்டும்; விட்டுவிட்டு ஓடும் கைப்பந்து, சிறுதூர ஓட்டம், நடை, யோகா ஆகியவை குறைவாகத் தூண்டும். நீச்சல்குளத்தின்மேல் நிற்கும் காற்று ஈரமானது என்பதால் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு நீச்சல் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஆனால் குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாக்கும் குளோரமின் வாயுக்கள், காற்றோட்டமில்லாத உள்ளரங்கக் குளங்களில் நீர்மட்டத்துக்கு மேலே தேங்கி நின்று மூச்சுக்குழாயை அரிக்கும். ஆண்டுக்கணக்கில் அங்கே பயிற்சி எடுக்கும் போட்டி நீச்சல் வீரர்களிடம் இந்தத் தொந்தரவு கூடுதலாகக் காணப்படுவதற்கு அதையே காரணமாகச் சொல்கிறார்கள். வாகனப் புகை மண்டும் சாலையோரம், மகரந்தம் பறக்கும் பருவம், சளி பிடித்து விலகிய அடுத்த சில வாரங்கள் ஆகியவையும் அப்படித்தான்: அதே பிள்ளை, அதே ஓட்டம், ஆனால் இழுப்பு இரு மடங்காக வரும்.

அடுத்து, இது ஆஸ்துமாதானா என்பது. ஆஸ்துமா உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஓட்டம் ஒரு தூண்டுகோல். சரியான சிகிச்சை இல்லாதவர்களில் 90 சதவீதம் பேர் வரை இப்படிப் பாதிக்கப்படலாம் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. மறுபுறம், வேறு எந்தச் சமயத்திலும் ஆஸ்துமாவின் சாயலே இல்லாமல், கடும் பயிற்சிக்குப் பிறகு மட்டும் மூச்சுக்குழாய் சுருங்குகிறவர்களும் இருக்கிறார்கள். போட்டி விளையாட்டு வீரர்களில் இவர்கள் அதிகம். உங்கள் மகள் இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தே சிகிச்சை அமையும். இரவில் இருமி விழித்துக்கொள்கிறாளா, சளி பிடித்தால் வாரக்கணக்கில் நெஞ்சில் தங்குகிறதா, சிரிக்கும்போதோ தூசியிலோ இருமல் வருகிறதா, காலையில் அடுக்கடுக்காகத் தும்முகிறாளா, சிறு வயதில் தோல் அரிப்பு இருந்ததா, குடும்பத்தில் யாருக்காவது இழுப்பு உண்டா என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றிரண்டுக்கு ஆம் என்று பதில் வந்தாலே, அடியில் ஆஸ்துமா இருந்து, ஓட்டம் அதை வெளியே காட்டிக்கொடுக்கிறது என்று நினைக்க இடமுண்டு. அப்படியானால் நோய் இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்பதற்கான முதல் சைகையாக இந்த இருமலை எடுத்துக்கொள்ள வேண்டும்.

உறுதிசெய்யும் வழி பரிசோதனை. முழு மூச்சையும் இழுத்து, பலம்கொண்ட மட்டும் வேகமாக ஊதும்போது முதல் 1 விநாடியில் எத்தனை லிட்டர் காற்று வெளிவருகிறது என்பதை ஸ்பைரோமீட்டர் அளக்கிறது. முதலில் ஓய்வில் ஒருமுறை அளந்துகொண்டு, பிறகு மூக்கைக் கிளிப்பால் அடைத்து, டிரெட்மில்லில் 6 முதல் 8 நிமிடம் ஓடவிடுவோம். முதல் இரண்டு நிமிடங்களுக்குள்ளேயே வேகத்தை ஏற்றி, இதயத் துடிப்பை அந்த வயதுக்குரிய உச்சத்தில் 85 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோய் நான்கு நிமிடமாவது அங்கேயே நிறுத்திவைக்க வேண்டும். சிறுவர்களுக்குத் துடிப்பு இன்னும் கூடுதலாகவே ஏற வேண்டும். மெதுவாக ஏற்றினால் உடல் பழகிக்கொண்டு முடிவு பொய்யாக இயல்பாகிவிடும். ஓடி முடித்த பிறகு 5, 10, 15, 30ஆம் நிமிடங்களில் மீண்டும் ஊதச் சொல்வோம். 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் சுருக்கம் உண்டு என்று பொருள். 25 சதவீதம் வரை லேசானது, 50 சதவீதம் வரை நடுத்தரமானது, அதற்கும் மேல் கடுமையானது என்று வகைப்படுத்துகிறோம்.

எண்கள் எப்படி நகரும் என்பதற்கு நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் மகள் வயதை ஒத்த பையன் ஒருவன், சோம்பேறி என்று பெயர் வாங்கியிருந்தவன், பரிசோதனைக்கு வந்தான். ஓய்வில் 2.60 லிட்டர் ஊதினான். டிரெட்மில்லிலிருந்து இறங்கியபோது சிரித்துக்கொண்டுதான் நின்றான். 5ஆம் நிமிடத்தில் 2.05. அதற்குள் தோள்கள் மேலேறியிருந்தன, பேச்சை நிறுத்திவிட்டான். 10ஆம் நிமிடத்தில் 1.90, அதாவது 27 சதவீத வீழ்ச்சி; ஒவ்வொரு முறை ஊதும்போதும் கடைசியில் இருமல் வந்து அறுத்தது. ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குழல்) வழியாக மருந்து கொடுத்த கால் மணியில் 2.65க்கு ஏறிவிட்டான். திரையில் இறங்கி ஏறிய அந்தக் கோட்டை அவனுடைய தகப்பனார் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத்தனை நாளா நான் இவனைத் திட்டிக்கிட்டு இருந்தேனே" என்றார். அளந்து பார்ப்பதை நான் இத்தனை வற்புறுத்துவதற்கு அந்தத் தகப்பனாரின் முகமும் ஒரு காரணம்.

பரிசோதனைக்குப் போகும் நாளில் நீல இன்ஹேலரை 8 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். காபி, தேநீர் கூடாது, அதற்கு முந்தைய 4 மணி நேரத்தில் ஓடியிருக்கவும் கூடாது. டிரெட்மில் வசதி இல்லாத இடத்தில், 5 சதவீதக் கரியமில வாயு கலந்த வறண்ட காற்றை 6 நிமிடம் வேகமாகச் சுவாசிக்கவைக்கும் சோதனையும், மானிட்டால் என்ற சர்க்கரை வகைப் பொடியைப் படிப்படியாக உள்ளிழுக்கவைக்கும் சோதனையும் உண்டு. இவை எதுவும் கைக்கெட்டாவிட்டால், மருத்துவரைக் கேட்டு ஊதும் மூச்சின் உச்ச வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு கருவி ஒன்றை வாங்கி, மைதானத்திலேயே ஓடுவதற்கு முன்பும், ஓடி முடித்த 5, 10, 15, 30ஆம் நிமிடங்களிலும் ஊதவைத்து, இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஸ்பைரோமீட்டர் அளவுக்கு நுணுக்கம் இல்லையென்றாலும், அந்த நோட்டு மருத்துவருக்குப் பெரிய உதவி.

இந்தச் சுருக்கத்தைப் போலவே தோற்றம் காட்டும் வேறு சில தொந்தரவுகளையும் சொல்லியாக வேண்டும். பதின்ம வயதில், குறிப்பாகப் பெண்பிள்ளைகளிடம், உழைப்பின் உச்சத்தில் குரல்நாண்களோ அவற்றுக்கு மேலுள்ள திசுக்களோ மூச்சை உள்ளிழுக்கும்போது ஒன்றையொன்று நெருங்கி வழியை அடைத்துக்கொள்வது உண்டு. அவர்கள் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவதில்லை, தொண்டையைத் தொட்டுக் காட்டுகிறார்கள். மூச்சை விடுவதில் சிரமமில்லை, இழுப்பதுதான் சிரமம். சத்தமும் இழுக்கும்போதுதான் வரும். ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடங்கி, நின்ற 5 நிமிடத்துக்குள் விலகிவிடும், இன்ஹேலர் கொடுத்தாலும் மாற்றம் இராது. மூக்கு வழியாக நுண்ணிய கேமராவைச் செலுத்தி, ஓடும்போதே குரல்வளையைப் பார்த்து இதை உறுதிசெய்கிறார்கள். பேச்சுப் பயிற்சியாளர் சொல்லித்தரும் மூச்சுப் பயிற்சியில் இது நன்றாகக் குறைகிறது. ஆஸ்துமாவும் இதுவும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தே இருப்பதும் உண்டு. இரத்தசோகையும் ஓடும் பிள்ளைக்கு மூச்சு வாங்கவைக்கும். மாதவிடாய் தொடங்கியிருக்கும் சிறுமிகளுக்கு ஹீமோகுளோபினையும் இரும்புச் சத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஓடும்போதே மயங்கி விழுவது, நெஞ்சு வலிப்பது, இதயம் தாறுமாறாகத் துடிப்பது, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நிகழ்ந்திருப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், இதய மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஓடக்கூடாது. ஓடும்போது உடல் முழுவதும் தடித்து அரிப்பதும் உதடு வீங்குவதும் மூச்சு திணறுவதும் சேர்ந்து வந்தால் அது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை. கோதுமை, இறால் போன்ற ஒன்றை உண்ட சில மணி நேரத்துக்குள் ஓடினால் மட்டும் இது சிலருக்கு வருகிறது. இந்த இரண்டு நிலைகளில் மட்டுமே ஓட்டத்தை நிறுத்துங்கள் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

இனி அந்த நீல இன்ஹேலர். அதிலிருப்பது சால்புட்டமால்; மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தும் மருந்து. ஓடுவதற்கு 10 முதல் 15 நிமிடத்துக்கு முன் இரண்டு பஃப் எடுத்தால், 2 முதல் 4 மணி நேரம் வரை பெரும்பாலோருக்கு நல்ல பாதுகாப்புக் கிடைக்கிறது. பழக்கமாகிவிடுமா என்று கேட்டீர்கள். போதைப்பொருளைப் போல உடலையும் மனத்தையும் பிடித்துக்கொள்ளும் தன்மை அதற்குக் கிடையாது; எடுக்காத நாளில் அதற்காக உடல் ஏங்கப்போவதில்லை. ஆனால் உங்கள் அச்சத்தில் ஓர் உண்மை இருக்கிறது. நாள் தவறாமல் அதையே எடுத்துவந்தால், செல்களில் அந்த மருந்து வந்து ஒட்டும் ஏற்பிகள் மந்தப்பட்டு, அது தரும் பாதுகாப்பின் நேரம் குறைந்துகொண்டே வரும், இழுப்பு வந்தபின் மீட்பதற்கும் முன்னைவிடக் கூடுதல் மருந்து தேவைப்படும். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்ச் சுவரில் இருக்கும் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. ஆகவேதான் உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழுவான ஜினா, 2019 முதல், 12 வயதுக்கு மேற்பட்ட ஆஸ்துமா நோயாளிகளுக்கு இந்த மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று அறிவுறுத்துகிறது.

வாரத்தில் பல நாள் பயிற்சி எடுக்கும் உங்கள் மகளுக்கு ஆஸ்துமா என்று உறுதியானால், உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு அடங்கிய தடுப்பு மருந்துதான் சிகிச்சையின் அடித்தளம். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். மைக்ரோகிராம் கணக்கில் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகும் மருந்து இது, மாத்திரையாகவோ ஊசியாகவோ உடல் முழுவதும் பரவுவதோடு இதை ஒப்பிடக்கூடாது. முழுப் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்பதால், இரண்டு நாளில் மாற்றமில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். புடேசனைடு என்ற ஸ்டீராய்டும் தசையைத் தளர்த்தும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த இன்ஹேலரை ஓடுவதற்கு முன்பும் தேவைப்படும்போதும் எடுப்பது இன்னொரு வழி. வீக்கத்தையும் தசை இறுக்கத்தையும் ஒரே மூச்சில் கவனிப்பதால், இந்த வயதினருக்கு இதையே நான் விரும்புகிறேன். மான்டெலுகாஸ்ட் மாத்திரை லூக்கோட்ரையினைத் தடுத்து நாள் முழுவதும் ஓரளவு காக்கும், பயிற்சிக்கு 2 மணி நேரம் முன்னதாகவாவது எடுக்க வேண்டும். ஆனால் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவை வரக்கூடும் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2020இல் அந்த மருந்துக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை இணைத்தது. ஆகவே மருத்துவர் அதை எழுதினால் பிள்ளையின் தூக்கத்தையும் மனநிலையையும் கூர்ந்து கவனியுங்கள்.

எந்த மருந்தானாலும் அது நுரையீரலுக்குப் போய்ச் சேர வேண்டும். பரிசோதனைக்கு வரும் பிள்ளைகளிடம் இன்ஹேலரை எடுத்துக்காட்டச் சொன்னால், மருந்தில் பாதிக்கு மேல் நாக்கில்தான் படிகிறது. வாயோரம் வெண்புகை கசிவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, உதட்டால் இறுகக் கவ்வி, மெதுவாகவும் ஆழமாகவும் இழுக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் அழுத்தி, 10 விநாடி மூச்சைப் பிடித்து வைக்க வேண்டும். அடுத்த பஃபுக்கு அரை நிமிடமாவது இடைவெளி விட்டு, மீண்டும் குலுக்க வேண்டும். ஸ்பேசரைப் பொருத்திக்கொண்டால் கையும் மூச்சும் ஒத்துப்போக வேண்டிய கஷ்டமே இல்லை. பெரிய பிள்ளைக்கு அது தேவையில்லை என்று யாரேனும் சொன்னால் கேட்க வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த மருந்தை எடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

மருந்தோடு சேர்ந்து உதவும் எளிய வழிகளில் முதன்மையானது வார்ம்அப், அதாவது உடலைச் சூடேற்றும் முன்பயிற்சி. ஒருமுறை மூச்சுக்குழாய் சுருங்கி விலகிய பிறகு, ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடுத்த 2 முதல் 3 மணி நேரம் அது மறுபடி எளிதில் சுருங்குவதில்லை. இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ளும் ஓட்டக்காரர்கள் பலர். போட்டிக்கு அரை மணி முக்கால் மணிக்கு முன்பு, 10 முதல் 15 நிமிட நேரத்துக்கு, அரை நிமிட வேக ஓட்டமும் ஒரு நிமிட நடையுமாக மாற்றி மாற்றிச் செய்தால், பெரிய இழுப்பு வராமலேயே அந்தப் பாதுகாப்புக் கிடைக்கும். சும்மா கைகாலை நீட்டி மடக்கினால் இந்தப் பலன் வராது, மூச்சு வாங்குமளவுக்கு ஓட வேண்டும். குளிரிலும் வறட்சியிலும் ஓடும்போது வாயையும் மூக்கையும் மெல்லிய துணியால் மூடிக்கொண்டால், வெளியே போகும் மூச்சின் ஈரமும் வெப்பமும் துணியில் தங்கி, அடுத்து உள்ளே போகும் காற்றுக்குத் திரும்பக் கிடைக்கும். மூக்கடைப்பு இருந்தால் அதற்கும் வைத்தியம் பாருங்கள். மூக்கு திறந்திருக்கும்வரை வாய் கொஞ்சம் தாமதமாகத்தான் திறக்கும். தொடர்ந்து ஓடி உடல் பழகிய பிள்ளை அதே வேகத்துக்குக் குறைந்த காற்றையே இழுக்கும் என்பதால், ஓட்டத்தை நிறுத்துவது நீண்டகால நோக்கில் தொந்தரவைக் கூட்டவே செய்யும்.

இழுப்பு வந்துவிட்டால் ஓட்டத்தை உடனே நிறுத்தி, நிமிர்ந்து உட்காரவையுங்கள், படுக்கவைக்க வேண்டாம். நீல இன்ஹேலரில் 4 பஃப், ஒவ்வொன்றாக, ஸ்பேசர் வழியாக, ஒவ்வொரு பஃபுக்கும் 4 மூச்சு. 4 நிமிடம் காத்திருந்து, குறையவில்லை என்றால் இன்னொரு 4 பஃப் கொடுத்துக்கொண்டே அவசர ஊர்தியை அழையுங்கள். உதடு நீலம் பாரித்தாலோ, ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்ல முடியாமல் போனாலோ, விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்கினாலோ காத்திருக்கவே வேண்டாம்.

ஆஸ்துமா உள்ளவர்கள் ஓடி என்ன சாதிக்கப்போகிறார்கள் என்று வீட்டில் யாரேனும் கேட்டால், 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குக்குப் போன 597 அமெரிக்க வீரர்களில் 67 பேருக்கு இதே தொந்தரவு இருந்ததையும், அவர்கள் 41 பதக்கங்களோடு திரும்பியதையும் சொல்லுங்கள். 1988இல் 7,291 புள்ளிகளோடு ஹெப்டத்லான் என்ற ஏழு போட்டிகள் சேர்ந்த பிரிவில் உலக சாதனை படைத்த ஜாக்கி ஜாய்னர் கெர்ஸி ஆஸ்துமா உள்ளவர். 2003இல் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடிய பவுலா ராட்கிளிஃபுக்கு உங்கள் மகள் வயதையொட்டி இது கண்டறியப்பட்டது. உங்கள் மகள் பெரிய போட்டிகளுக்குப் போகும் காலத்தில் ஊக்கமருந்து விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 16 வயது நீச்சல் வீரர் ரிக் டிமான்ட், 400 மீட்டரில் வென்ற தங்கத்தை, தம் ஆஸ்துமா மருந்திலிருந்த எஃபெட்ரின் காரணமாக இழந்தார். இன்று உள்ளிழுக்கும் சால்புட்டமாலுக்கு 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராமும், அதற்குள்ளேயே எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராமும் உச்சவரம்பாக உள்ளன. இரண்டு பஃப் என்பது 200 மைக்ரோகிராம்தான். அதே மருந்தை மாத்திரையாக எடுப்பது தடைசெய்யப்பட்டது. தடைசெய்யப்பட்ட மருந்துகளின் பட்டியல் ஆண்டுதோறும் திருத்தப்படுவதால் ஒவ்வொரு சனவரியிலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியாளரிடம் பரிசோதனை முடிவின் நகலைக் கொடுங்கள். இன்ஹேலரும் ஸ்பேசரும் மைதானத்தின் விளிம்பில், அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பூட்டிய அறையில் இருந்தால் பயனில்லை. வார்ம்அப்புக்கு அவளுக்குக் கால் மணி நேரம் கூடுதலாகக் கொடுக்கச் சொல்லுங்கள். எல்லைக்கோட்டைத் தாண்டிய உடனே அவள் நலமாக இருப்பதைப் பார்த்துவிட்டு அவர் அடுத்த பிள்ளையிடம் போய்விடக்கூடாது. பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, மூச்சு எப்படி இருக்கிறது என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.